எதிர்க்கடை

எல்க் ப்ரெய்ரி, மினசோட்டா
ஏப்ரல் 4, 1994

திருமதி ஆர்டிஸ் டாலெஃப்சன் அவர்களுக்கு,

"அத்தை" என்று எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள விருப்பமில்லை. உங்கள் அருமை மகன் ரோஜர் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த உறவு வடிகாலில் போய்விட்டது.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். உங்கள் பார்லர் படியை மிதிக்க மாட்டேன் என்று நான் சபதம் செய்திருக்கிறேன். ஆகையால் கடிதம். ஸ்டாம்ப் விற்கும்போதே தபால்காரர் மெர்ல் சிரித்தார். "ஏம்மா கொலீன், ரோட்டைத் தாண்டுனா அவங்க கடை. இந்தக் கடுதாசி ஃபார்கோ வரைக்கும் போயி முத்திரை வாங்கிட்டுல்ல திரும்பி வரணும்?" என்றார். போய்விட்டு வரட்டும். நான் உங்களிடம் வருவதைவிட அது சுலபம்.

உங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, மூடிக் கிடந்த செருப்புக் கடையில் ஒரு மாதமாகக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கிறதே, யார் எடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரையும் விசாரித்தீர்களாம். நான்தான் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை திறப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் முடிவெட்டு இலவசம், காபி, எலுமிச்சை கேக். பெயர்ப்பலகை இன்று மதியம் ஏறும். "எதிர்க்கடை" என்று பெயர் வைத்திருக்கிறேன். இனிமேல் உங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டு யாராவது ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே அது எனக்கு விளம்பரம்.

எதற்காக இதெல்லாம் என்று கேட்க மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். நகத்துக்குச் சாயம் பூசும் வேலைக்கு உங்கள் கடையில் கிறிஸ்டல் சேர்ந்தபோது அவளுக்குத் துண்டு மடிக்கக்கூடத் தெரியாது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் புருஷனை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். சரி, ஊர் உலகத்தில் நடக்காததா? ஆனால் அடுத்த வாரமே என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தீர்களே. ஜன்னலோர நாற்காலி. பனிக்காலத்தில் விடிவதற்கு முன்னால் வந்து உங்கள் வாசலில் பனி அள்ளிப் போட்டுவிட்டு நான் நின்று வேலை பார்த்த இடம். என் கத்தரிக்கோல்களை எடுக்க வந்தேன், அவள் அதில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கடை நடக்கணும்ல, கொலீன்." குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். "உன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தது தப்பு." உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், நான் பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறேன். இல்லையென்றால் உங்கள் வாடிக்கைக்காரிகளை ஒவ்வொருத்தியாகத் தெருவைத் தாண்ட வைப்பேன். கடைசியில் விளக்கை அணைப்பதற்கு நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கொலீன்

---

ஏப்ரல் 13, 1994

கொலீன்,

கடைக்குப் பெயர் வைக்கக்கூட உனக்கு என் கடை வேண்டியிருக்கிறது. நான் இல்லாவிட்டால் நீ எதற்கு எதிர்?

திறப்பு விழாவை இங்கிருந்தே பார்த்தேன். நல்ல கூட்டம். உன் கேக்கைத் தின்று, உன் காபியைக் குடித்து, உன் கண்ணாடியில் பல் குத்திக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை அத்தனை பேரும் என் வாசலில். லொரைன் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஆர்டிஸ், அந்தப் பொண்ணு சும்மா வெட்டி விட்டா, அதைக் கொஞ்சம் சரி பண்ணு" என்றாள். ஓசிக்கு வருகிறவள் ஓசி தீர்ந்ததும் போவாள். இது தெரியாமல் வியாபாரம் செய்ய வந்துவிட்டாய். இலவசம் என்று எழுதிப் போட்ட அன்றே உன் கைவேலைக்கு மதிப்பு இவ்வளவுதான் என்று நீயே சொல்லிவிட்டாய்.

நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். ரோஜர் செய்ததை நான் மெச்சவில்லை. ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெற்றவள் என்ன செய்வாள்? அவளைத் துரத்தினால் அவனும் போய்விடுவான். இந்தப் பக்கத்தில் எனக்கு இருக்கிற ஒரே பிள்ளை அவன். அதனால் நீ கேட்கிற வாக்கியம் வராது. காத்திருக்காதே.

இன்னொன்று. வியாழக்கிழமைக்காரிகளை நீ தொட முடியாது. அவர்கள் முடிவெட்ட வருகிறவர்கள் இல்லை. வாரம் தவறாமல் வந்து, கழுவிச் சுருள் வைத்து, தலை காய வைக்கும் டிரையருக்கு அடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறவர்கள். ஒவ்வொருத்தியும் என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள்: "செத்துப் பெட்டியில படுக்க வைக்கும்போதும் நீதான் ஆர்டிஸ் என் தலையைச் செய்யணும்." இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கும் அவளுடைய பார்லர்காரிக்கும் உள்ள ஒப்பந்தம் அது. தாலி கட்டிய புருஷன்கூட அதற்கு அப்புறம்தான். வெர்னா சுண்ட்கார்டைக் கேட்டுப் பார். ஊர் அவள் பின்னால்தான் போகும். வெர்னா உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

உன் பெயர்ப்பலகை வலது பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆர்டிஸ்

---

ஜூன் 3, 1994

திருமதி டாலெஃப்சன் அவர்களுக்கு,

பலகையை நிமிர்த்திவிட்டேன். நன்றி.

ஓசியைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. எதிரியிடமிருந்து வந்தாலும் பாடம் பாடம்தான். இலவசத்தை எடுத்துவிட்டேன். லுத்தரன் சர்ச்சில் ஞாயிறுதோறும் கொடுக்கிற தாளின் பின்பக்கத்தில் விளம்பரம் போட்டேன். ஒருத்தியும் வரவில்லை. தாளில் பேர் எழுதிப் போட்டால் யார் வருவார்கள்? என் கடை உங்கள் கடைக்கு எதிரில் இருப்பது ஊருக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றால் நான் எதை விளம்பரம் செய்வது?

அப்புறம்தான் ஒரு வியாழக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் வாடிக்கைக்காரிகள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? பாதிப் பேரிடமிருந்து பிள்ளைகள் கார் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். லொரைன் தன் பேரனிடம் கெஞ்சிக்கொண்டு வருகிறாள். டெல்லா தடியை ஊன்றிக்கொண்டு, சேற்றுப்பனியில் கால் வழுக்கி, தானியக் கிடங்கு மூலையிலிருந்து நடந்து வருகிறாள். நீங்கள் உள்ளே டிரையரைச் சூடு பண்ணிக்கொண்டு இருந்தீர்கள். ஒரு நாளாவது அந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜன்னலோரத்தில்தான் கிறிஸ்டல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே.

என் பழைய ப்யூக் காரைக் கழுவி, பின்சீட்டில் கம்பளி விரித்தேன். டெல்லா வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாங்கம்மா, நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விடறேன்" என்றேன். அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்சீட்டுல உக்காரட்டுமா?" என்றாள். அடுத்த வாரம் அவள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். வழியில் மருந்துக் கடையில் நிறுத்துகிறேன், தபால் நிலையத்தில் நிறுத்துகிறேன். லொரைன் இப்போது காரில் ஏறியதுமே கதை பேச ஆரம்பித்துவிடுகிறாள்.

நேற்று உங்கள் டிரையர்களில் எத்தனை வெறுமனே நின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டல் தன் நகத்துக்கே சாயம் பூசிக்கொண்டிருந்தது இங்கிருந்து தெரிந்தது. கடை நடக்கணும்ல, அத்தை.

அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷம்.

இன்னும் மிச்சம் இருப்பது வெர்னாதான். அவளும் வருவாள்.

கொலீன்

---

ஜூலை 6, 1994

கொலீன்,

உனக்கு வெட்கம் என்பதே கிடையாதா?

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டி வரும், பள்ளிக்கூட மேளம் வரும், டிராக்டர்கள் வரும். வருஷா வருஷம் என் கடை வாசலில் மடக்கு நாற்காலி போட்டுப் பார்க்கிறேன். இந்த வருஷம் வைக்கோல் வண்டியில் நீ வந்தாய். அதன் மேல் டிரையர் நாற்காலிகளை வரிசையாக வைத்து, என் வியாழக்கிழமைக்காரிகளைத் தலை நிறையச் சுருள் சுற்றி உட்கார வைத்து, ராணிகள் மாதிரி கையாட்ட விட்டாய். டெல்லா என்னைப் பார்த்தும் கையாட்டினாள். அந்தப் பைத்தியத்துக்கு அது என்ன அர்த்தம் என்றுகூடத் தெரியவில்லை. நீ உன் பேர் அடித்த சீப்புகளைக் கூட்டத்தில் வீசினாய். ஒன்று என் காலடியில் விழுந்தது. குறிபார்த்துத்தான் வீசியிருப்பாய்.

பக்கத்தில் இருந்த ரோஜர் அதை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். என் வயிற்றில் பிறந்தது அது.

கேட்டுக்கொள். நீ விற்பது உன் கைவேலையை இல்லை. என் கைவேலையை. அந்தத் தலைகளுக்கெல்லாம் எந்தப் பக்கம் வகிடு, எதற்கு எந்தச் சுருள், எவளுக்குக் காதுக்குப் பின்னால் வழுக்கை என்று இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் நான். நட்டவள் ஒருத்தி, அறுத்துக்கொண்டு போகிறவள் ஒருத்தி. நீ என்னிடம் வேலை கற்றுக்கொண்டபோது உன் கையில் முடி சுருட்டும் சூட்டுக்கம்பி பட்டுக் கொப்பளித்ததே, அப்போது வெண்ணெய் தடவி விட்டேன். அந்த வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்றிருக்கலாம்.

அரை விலை என்று நானும் அட்டை தொங்கவிட்டேன். பயன் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெர்னா இன்னும் வருகிறாள். வியாழக்கிழமை, ஊர் எழுவதற்கு முன்னால், கடை திறப்பதற்கும் முன்னால், எப்போதும் போல. திரையை இழுத்துவிட்டு நானும் அவளும் மட்டும். உன் காரை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினாயாமே. "என் தலையை ஒருத்திதான் தொடுவா. நீ போகலாம்" என்று கதவைச் சாத்தினாளாமே. அவளே சொன்னாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவள் ஒருத்தி வரும்வரை நான் விளக்கை அணைக்க மாட்டேன்.

ஆர்டிஸ்

---

செப்டம்பர் 18, 1994, ஞாயிறு
மெர்ல் கையில் கொடுத்தனுப்பியது

திருமதி டாலெஃப்சன் அவர்களுக்கு,

ஃபார்கோ போய்த் திரும்ப நேரமில்லாததால் மெர்லிடமே கொடுக்கிறேன். "நான் தபால்காரனா, தூதுவனா?" என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தேன்.

வெர்னா நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாதது இது: நேற்று சாயங்காலமே நான் கோழி வேகவைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மகள் ஜோயன் அரிசோனாவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பாவம், எந்த அலமாரியில் தட்டு இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் நான் ஊர்வலத்தில் வீசிய சீப்பு ஒன்று கிடந்தது. "அம்மாவுக்குத் தலை அலங்காரம் யாராவது பண்ணணும்னு ஈமக்கூடத்துக்காரர் ஆர்லன் சொன்னாரு. ஊரை விட்டுப் போயி ரொம்ப வருஷமாச்சு, எனக்கு இங்க யாரையும் தெரியாதே" என்றாள். "நான் பண்றேன், ஜோயன். காசு வேண்டாம்" என்றேன். அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்லனின் ஈமக்கூடத்தில் பெட்டியைத் திறந்து பார்வைக்கு வைக்கிறார்கள். ஊரே வரிசையில் நின்று குனிந்து பார்க்கும். உங்கள் வெர்னாவைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்கும். இதைவிடப் பெரிய விளம்பரப் பலகை இந்த மாவட்டத்தில் கிடையாது.

உயிரோடு வராதவள் இப்போது என்னிடம் வருகிறாள். நான் சொன்னேனா இல்லையா?

கொலீன்

---

அன்றே
மெர்ல் கையில்

கொலீன்,

அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிடு.

கேட்டுக்கொள்கிறேன் என்று நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, இதுவே கடைசி. காரணம் கேட்காதே, சொல்ல முடியாது. வெர்னாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் எனக்கும் உள்ள பகையில் அவளை இழுக்காதே. ஊரில் இருக்கிற மற்ற எல்லாத் தலைகளையும் எடுத்துக்கொள். அரை விலை அட்டையை இன்றே கழற்றிவிடுகிறேன். இந்த ஒரு தலையை விட்டுவிடு.

ஆர்டிஸ்

---

அன்றே, சாயங்காலம்
மெர்ல் கையில் (இனிமேல் வர மாட்டாராம்)

திருமதி டாலெஃப்சன் அவர்களுக்கு,

நானும் ஒரு நாள் உங்களைக் கேட்டுக்கொண்டேன். கையில் கத்தரிக்கோல் பையோடு, உங்கள் கடை நடுவில் நின்று, எல்லோரும் டிரையருக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க. "என் இடத்தை மட்டும் விட்டுடுங்க, அத்தை" என்றேன். ஞாபகம் இருக்கிறதா?

முடியாது.

கொலீன்

---

செப்டம்பர் 20, செவ்வாய் காலை
ஈமக்கூடத்தின் தாளில்

அத்தை,

இதைக் கொண்டு வருபவர் ஆர்லன். நான் இங்கே பின்னறையில் வெர்னாவோடு இருக்கிறேன்.

நான் வந்ததும் ஆர்லன் ஒரு காகிதப் பையை என் கையில் கொடுத்தார். "நீ ஆர்டிஸ்கிட்ட வேலை பாத்தவளாச்சே, இதை எப்படி வைக்கணும்னு தெரியும்ல?" என்றார். திறந்து பார்த்தால் அந்தச் சாம்பல் நிறச் சுருள்கள். நாங்கள் எல்லோரும் சர்ச்சில் பின்வரிசையிலிருந்து பார்த்துப் பொறாமைப்பட்ட அந்த முடி. பைக்குள் இருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். நெற்றியிலிருந்து பின்கழுத்து வரைக்கும் ஒன்றுமே இல்லை, அத்தை. காதோரத்தில் குழந்தைக்கு இருக்கிற மாதிரி கொஞ்சம்.

திரை எதற்கு, விடியற்காலை எதற்கு என்று இப்போது புரிகிறது. அவளுக்கு ராங்கி என்று நினைத்தேன். நானும் உங்களோடு சேர்ந்து அத்தனை வருஷம் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்தானே பனி அள்ளினேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

பசை வைத்துப் பார்த்தேன். தலையணையில் சாய்த்ததும் சவுரி வழுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. ஊசி குத்திப் பார்த்தேன், நெற்றியில் கோடு தெரிகிறது. டோப்பா என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். ஜோயன் மதியம் வருகிறாள். அவளுக்கும் தெரியாதாம். பெற்ற மகளுக்கே தெரியாதாம், அத்தை. ஆர்லன் சொன்னார்.

என்னை நாசமாக்க வேண்டும் என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கடையில் உட்கார்ந்திருந்தாலே போதும். சாயங்காலம் என் கடை முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் என்னோடு சேர்ந்து வெர்னாவும் சிரிப்பாய்ச் சிரித்துப் போவாள்.

பின்வாசல் திறந்திருக்கிறது.

கொலீன்

---

செப்டம்பர் 23, 1994

கொலீன்,

நன்றி என்று எழுதி எதையும் அனுப்பாதே. கிழித்துப் போடுவேன்.

நான் உனக்காக வரவில்லை. நீ எழுதிய தாளைப் படித்துவிட்டு முதலில் ஒரு காபி போட்டுக் குடித்தேன். நிதானமாகக் குடித்தேன். அந்த ஒரு கோப்பை நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நரகத்துக்குத்தான் போவேன். அப்புறம் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெர்னாவுக்குக் கல்யாணமான புதிதில் காய்ச்சல் வந்து முடியெல்லாம் கொட்டிப்போயிற்று. திரும்ப முளைக்கவே இல்லை. என் அம்மா இந்தக் கடையை நடத்தியபோது அவள்தான் முதல் சவுரியைக் கட்டிவிட்டாள். அம்மாவுக்குப் பிறகு நான். காதோரத்து முடியைக் கொக்கியால் சவுரியின் வலைக்குள் இழுத்து, நெற்றியோரம் ஒவ்வொரு இழையாகக் கொண்டு வந்தால்தான் முளைத்த மாதிரி இருக்கும். நீ பக்கத்தில் நின்று ஊசி எடுத்துக் கொடுத்தாய். உன் கண்ணீர் அவள் கன்னத்தில் விழுந்தபோது துடைத்துவிட்டேன், பவுடர் கலைந்துவிடுமே என்று.

சாயங்காலம் வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் டெல்லா. "அப்படியே தூங்கற மாதிரி இருக்காளே! கொலீன் கை பொன்னான கை!" என்றாள். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச் தின்னும்போதும் அதே பேச்சு. லொரைன் வாயில் ரொட்டியோடு, "ஆர்டிஸ்கூட இவ்வளவு நல்லாப் பண்ணியிருக்க மாட்டா" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நீ மேசைக்கு அந்தப் பக்கம் காபி ஊற்றிக்கொண்டிருந்தாய். காபி கோப்பைக்கு வெளியே வழிந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் பழி தீர்ந்துவிட்டது என்று. நான் தேடிப் போகவே இல்லை, அதுவாக வந்தது. இந்த ஊர் உன்னைப் புகழும்போதெல்லாம் என் கையைத்தான் புகழ்கிறது, அது உனக்குத் தெரியும். சாகும்வரைக்கும் தெரியும். சொல்லவும் முடியாது. சொன்னால் வெர்னாவைக் காட்டிக் கொடுத்ததாகும். நல்லா அனுபவி.

அடுத்த மாதக் கடைசியில் கடையை மூடுகிறேன். விளக்கை நானேதான் அணைப்பேன் என்றாயே, அணைக்கிறேன். நீ ஜெயித்துவிட்டாய். என் கையால் ஜெயித்தாய்.

ஆர்டிஸ்

---

அக்டோபர் 5, 1994

அத்தை,

இந்தத் தடவை அடித்து எழுதப்போவதில்லை. அந்தச் சொல் இருக்கட்டும்.

நீங்கள் நினைத்தபடியே நடந்தது. தினமும் போன். மாவட்டம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறார்கள்: "எனக்கும் நேரம் வரும்போது வெர்னாவுக்குப் பண்ணின மாதிரி பண்ணணும் கொலீன்." ஒருத்தி பொய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், ஒருத்தி அழுதுகொண்டே சொல்கிறாள். டெல்லா இறுதிப் பயணத்துக்கு எந்தச் சட்டை என்றே கொண்டு வந்து காட்டிவிட்டாள். நான் தலையாட்டுகிறேன். கடை மூடியதும் கழுவுதொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு வேண்டிய கூட்டம் எல்லாம் வந்துவிட்டது, ஒருத்தியைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை. பலே அத்தை. இந்த அடியை எனக்கு வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் ஒன்று மறந்துவிட்டீர்கள். விளம்பரம் என்னுடைய துறை.

நல்லவளாக, நொந்தவளாக, யாருக்கும் தெரியாத தியாகியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தீர்கள், இல்லையா? நடக்காது. நான் இந்தப் பக்கம் நெஞ்சில் முள்ளோடு இருக்க, நீங்கள் அந்தப் பக்கம் நிம்மதியாக மடக்கு நாற்காலி போட்டு உட்காருவதா? இன்று வந்திருக்கிற நம் ஊர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். அரைப்பக்கம். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்:

"வெர்னா சுண்ட்கார்ட் அம்மாவின் தலையை அலங்கரித்தது நான் அல்ல. ஆர்டிஸ் டாலெஃப்சன். அவர் வெர்னாவுக்கு நெடுநாளைக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதைப் பிடுங்கப் பார்த்தேன், என் கைக்கு அடங்கவில்லை. பக்கத்தில் நின்று ஊசி எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆர்டிஸின் கடை தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே போக விரும்புகிறவர்களுக்குக் கார் வேண்டுமானால் எனக்குப் போன் செய்யுங்கள், நானே கொண்டு வந்து விடுகிறேன். — கொலீன், எதிர்க்கடை."

சவுரியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வெர்னாவை நான் காட்டிக் கொடுக்கவில்லை. உங்களைத்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மூடுங்கள் கடையை, பார்க்கலாம்.

கொலீன்

---

அக்டோபர் 10, 1994

கொலீன்,

பாழாய்ப்போனவளே, போன் நிற்கவே இல்லை. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தால் கதவைத் தட்டுகிறார்கள். வியாழக்கிழமை உன் கார் என் வாசலில் வந்து நின்று, உள்ளேயிருந்து டெல்லா, லொரைன் என்று ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். லொரைனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டுமென்றே அவள் சுருளைக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றினேன். நீ காரை விட்டு இறங்கவில்லை. உன் சபதத்தை நான் கவனித்தேன்.

கடையை மூடுவதாக டப்பாக்களில் அடுக்கி வைத்ததையெல்லாம் மறுபடி எடுத்து வைத்து இடுப்பு ஒடிந்துவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

நீ கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. ஏப்ரலில் எழுதவில்லை, இப்போதும் எழுத மாட்டேன். என்னை நன்றாகத் தெரிந்தவள் நீ, எதிர்பார்த்திருக்கவும் மாட்டாய். ஆனால் புதன்கிழமை மதியம், தெருவில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, மெர்லும் ஆர்லனும் ஜன்னலோர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி உன் கடைக்கு வருவார்கள். கண்ணாடியும் பின்னாலேயே வரும். அதில் உட்கார்ந்திருந்தவளை எழுந்திருக்கச் சொன்னேன். "நான் எங்க உக்கார்றதாம்?" என்றாள். "என் மகன் மடியில உக்காரு, அதுக்குத்தானே வந்தே" என்றேன். ரோஜர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், சாப்பாட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும். நாற்காலி ரோட்டைத் தாண்டுவதை ஊரே பார்க்கும். விளம்பரம் உனக்கு மட்டும்தான் வருமா?

இது மன்னிப்பு இல்லை. பகை பகையாகவே இருக்கட்டும், எனக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் ஆர்லனிடம் போய்விட்டு வந்தேன். என் அடக்கத்துக்கு எந்தப் பெட்டி, எந்தப் பாட்டு, எந்த உடை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "தலைக்கு யாரு, ஆர்டிஸ்?" என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். அவன் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். எழுதுடா என்றேன்.

உன் அத்தைக்கும் கொஞ்ச நாளாக உச்சந்தலையில் மெலிந்துகொண்டு வருகிறது. யாரிடமும் சொல்லாதே. அதனால் வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் பின்வாசல் வழியாக வா. முன்படியைத்தானே மிதிக்க மாட்டேன் என்றாய். திரையை இழுத்துவிட்டுக் கொக்கி ஊசியைப் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். பனி விழுந்திருந்தால் அள்ளிவிட்டு வா.

என்னைப் பெட்டியில் வைக்கிற அன்று ஊர் முழுக்க வரிசையில் நின்று குனிந்து பார்க்கும், யார் செய்தது என்று கேட்கும். உன் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு இழை தப்பாகப் போகட்டும், அப்புறம் பார்.

ஆர்டிஸ்